டோகு பேசும் தமிழ்

1

சென்ற வாரம் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். ரோபோவின் தலை வடிவத்தில் செய்த கேக், கண்களுக்கு இரண்டு பச்சை மிட்டாய். ‘வான்கவசம்’ தொடங்கியதன் ஆண்டு விழா. எனக்கும் காகிதத் தட்டில் ஒரு துண்டு கொண்டுவந்து வைத்தார்கள். நான் தொடவில்லை. வயிறு சரியில்லையா என்று பக்கத்து மேஜைப் பெண் கேட்டாள். ஆமாம் என்றேன். இந்த நாட்டில் கோபத்தை வயிற்றுவலி என்று சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. உங்களிடம் அப்படிச் சொல்லப் போவதில்லை. எனக்குக் கோபம். அதன் காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வான்கவசம் என்பது நானாக வைத்த பெயர். அசல் பெயர் ஜப்பானிய மொழியில் நீளமானது, அது நமக்கு வேண்டாம். பல பத்தாண்டுகளாக ஓடும் ராட்சத ரோபோ கார்ட்டூன் தொடர் அது. ஒரு தொடர் முடியும், அடுத்த வருடம் வேறு ஆட்களோடு இன்னொன்று தொடங்கும். கூடவே திரைப்படம், பிளாஸ்டிக் பொம்மை, முக்கியமாக வீடியோ கேம். இப்போது ஜப்பானின் கவாசாகி நகரில் நான் ஏறும் ரயில் பெட்டியின் கைப்பிடிகளில்கூட அதுதான் தொங்குகிறது. கோட்டு போட்ட பெரிய மனிதர்கள் அதைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

கதை இதுதான். பூமியில் இடம் போதவில்லை என்று ஏழைபாழைகளை விண்வெளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே சக்கரம்போலச் சுற்றும் பெரிய உலோக ஊர்கள். போனவர்களின் பிள்ளைகள் பூமியைக் கண்ணால் பார்த்ததில்லை. பூமிக்காரர்களுக்கு அவர்கள் வேலை செய்ய வேண்டும், ஆனால் வாய் திறக்கக் கூடாது. ஒருநாள் சண்டை மூளுகிறது. சண்டைக்கு ரோபோக்கள், ஒவ்வொன்றும் எங்கள் காஞ்சிபுரம் ராஜகோபுரத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரம். அதன் நெஞ்சுக்குள் உட்கார்ந்து ஓட்டுகிறவர்கள் பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளைகள்.

ஊரைவிட்டு வந்த யாருக்கும் இந்தக் கதை பிடித்துப்போகும். எனக்குப் பிடித்தது ஊரைவிட்டு வருவதற்கு வெகுகாலம் முன்பே.

2

எங்கள் வீடு வேகவதி ஆற்றங்கரைக் காலனியில். அப்பா லாரி ஷெட்டில் வேலை பார்த்தார். அண்ணன் அற்புதராஜ், எல்லாருக்கும் அற்புதம், பிள்ளையார்பாளையத்தில் ஒரு சந்துக்குள் வீடியோ கேம் கடை வைத்திருந்தான். முன்பு தறி போட்டிருந்த அறை அது. தறிக்குழியை மூடிய இடத்தில் மட்டும் தரை வேறு நிறத்தில் இருக்கும். அதன் மேல்தான் முதல் டிவி. சுவருக்கு அந்தப்பக்கம் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பட்டு நெய்கிற வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் காலனிப் பிள்ளைகளும் அங்கே ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வேறு எங்கே அப்படி உட்கார்ந்தார்கள் என்று யோசித்தால் எனக்கு ஒரு இடமும் நினைவுக்கு வரவில்லை.

சென்னையிலிருந்து அண்ணன் கொண்டுவந்த டிஸ்க்குகளில் ஒன்று வான்கவசம். முழுக்க ஜப்பானிய எழுத்து. ஒருவருக்கும் ஒன்றும் புரியாது. நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். எந்த எழுத்தை அழுத்தினால் குண்டு போடுகிறது, எதை அழுத்தினால் பின்வாங்குகிறது என்று வடிவத்தை வைத்தே மனப்பாடம் செய்தேன். நான் கற்ற முதல் ஜப்பானியச் சொல் ‘தாக்கு’. இரண்டாவது ‘சரணடை’. அந்தப் பைத்தியம் முற்றித்தான் சென்னைக்கு ரயில் ஏறி ஜப்பானிய வகுப்பில் சேர்ந்தேன், பிறகு இங்கே வந்தேன்.

கேமில் சண்டைக்கு நடுவே கதைக் காட்சிகள் வரும். தளபதிகள் நின்று பேசுவார்கள், இளவரசிகள் அழுவார்கள். அண்ணன் டிவிக்குப் பக்கத்தில் நின்று அத்தனை பேருக்கும் தமிழில் குரல் கொடுப்பான். அவனுக்கு என்ன தமிழ் தெரியுமோ அந்தத் தமிழில். சக்கரவர்த்தி, “இன்னாபா இது, நான் சொல்லிக்கினே இருக்கேன், நீ பாட்டுக்குப் போற” என்பார். இளவரசி, “நீ வந்துடுவேன்னுதான் நான் ஒக்காந்துக்கினு இருந்தேன்” என்பாள். ஒருவரும் சிரித்ததில்லை. அந்த அறையில் எல்லாரும் பேசியது அதைத்தான். ஒரு விமானி சாகும் காட்சியில் பின்னால் யாரோ மிக்சர் பொட்டலத்தைப் பிரிக்க, “செத்துக்கினு இருக்கான்பா, சும்மா இரு” என்று அண்ணன் அதட்டியதும் பொட்டலம் அடங்கியது.

இந்த உலகத்தில் வான்கவசத்தின் முதல் தமிழ்ப் பதிப்பு அதுதான். இரண்டாவதைப் பற்றித்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

3

நான் இங்கே வீடியோ கேம்களைச் சோதிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். கேம் வெளிவரும் முன் அதை ஆடிப்பார்த்துப் பிழைகளைக் கண்டுபிடித்துப் பதிவு செய்ய வேண்டும். கணவருக்கு நகோயா பக்கம் வேலை, வாரக் கடைசியில் வருவார். மகள் எமி இங்கேயே பிறந்தவள், நடுநிலைப் பள்ளியில் படிக்கிறாள். தமிழ் காதுக்குப் புரியும், வாய்க்கு வராது, கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியாது.

ஆண்டு விழா கேமுக்கு இந்திய மொழிகளில் தமிழையும் சேர்த்திருக்கிறார்கள், குரலோடு, அதை நான்தான் சோதிக்க வேண்டும் என்று மேலாளர் ஒகாவா சொன்ன அன்று, வீட்டுக்கு வரும் வழியில் பூ வாங்கினேன். அவ்வளவு சந்தோஷம்.

முதல் நாளே திரையைப் பார்த்ததும் சந்தோஷம் போய்விட்டது. ‘கொ’ என்ற எழுத்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், மெய் ஒரு பக்கமாக உடைந்து கிடந்தது. சரி, அது கணினிக் கோளாறு. மொழியோ அதைவிட மோசம். ஜப்பானிய மொழியிலிருந்து நேராகத் தமிழுக்கு வரவில்லை, ஆங்கிலம் வழியாகச் சுற்றி வந்திருந்தது. ஆயுதம் சார்ஜ் ஏறிவிட்டது என்பதற்குப் போர்க்கப்பல் தளபதி நெஞ்சை நிமிர்த்தி, “முழுக் கட்டணம்!” என்கிறார். சுடு என்று உத்தரவிட வேண்டிய இடத்தில், “தீ! தீ!” என்று கூரை பற்றிக்கொண்டதுபோல் கத்துகிறார். என்னைக் காத்துக்கொள் என்பதற்கு, “என்னைப் போர்த்து” என்கிறாள் கதாநாயகி. ஆட்டத்தைச் சேமிக்கும் பொத்தானில், ‘காப்பாற்று’ என்று எழுதியிருந்தது. அதை அழுத்தும்போதெல்லாம் எனக்கும் அப்படித்தான் கத்தத் தோன்றியது.

அத்தனையையும் பதிவு செய்தேன். திருத்தினார்கள். பிழை என்று காட்டினால் திருத்துகிறவர்கள்தான். அதில் எனக்குக் குறை இல்லை. பிழை என்று காட்ட முடியாத ஒன்று பிறகு வந்தது.

4

இந்தக் கேமின் கதை ஒரு விண்கப்பலில் நடக்கிறது. மேல்தட்டில் அதிகாரிகளும் இளவரசனும். கீழ்த்தட்டில் கப்பலை ஓடவைக்கும் கூலிகள். கீழ்த்தட்டுக்காரர்களை எல்லாம் கறுப்பாக வரைந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் டோகு, ரோபோக்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக். ஒவ்வொரு திருகும் அவனுக்குத் தெரியும், ஆனால் உள்ளே உட்கார அனுமதி இல்லை.

தமிழில் இளவரசன் மேடைத் தமிழ் பேசுகிறான். அதிகாரிகள் செய்தி வாசிக்கிற தமிழ் பேசுகிறார்கள். டோகு வாயைத் திறந்ததும் நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சுற்றிலும் பார்த்தேன். “அய்ய, இன்னா நைனா, உன் மிசினு பேஜார் பண்ணிக்கினு இருக்குது” என்றது குரல். இழுத்து, மூக்கால், ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு கோணங்கித்தனம். பின்னணியில் சிரிப்பு மூட்டும் இசை.

என் அப்பா அப்படித்தான் பேசினார். இழுவை கிடையாது, மூக்கு கிடையாது, சொற்கள் மட்டும் அதேதான். என் அண்ணன் இன்றும் அப்படித்தான் பேசுகிறான். கப்பல் முழுக்க ஆட்கள் இருக்கும்போது அந்தப் பேச்சு எவனுக்குக் கிடைத்தது பாருங்கள்.

மொழிபெயர்த்த நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அதன் பொறுப்பாளரான இளைஞரோடு வீடியோவில் பேசினேன். நல்ல மரியாதைக்காரர். நான் சொன்னது அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. லோ கிளாஸ் கேரக்டர் என்றால் இந்த ஸ்லாங் போட்டால்தான் ஆடியன்ஸுக்கு உடனே புரியும் என்றார், சினிமாவில் எல்லாம் அப்படித்தானே என்றார். இது யாருடைய பேச்சு என்று தெரியுமா என்று கேட்டேன்.

“மெட்ராஸ் பாஷை மேடம். ரவுடி, ரிக்‌ஷாக்காரங்க, அந்த மாதிரி. காமெடி நல்லா ஒர்க் ஆகும்.”

நான் காஞ்சிபுரம் என்றேன். அப்படியா, எங்க வீட்டுக் கல்யாணப் புடவை எல்லாம் அங்கதான் எடுப்போம் மேடம் என்றார்.

புடவைக்கு ஊர் உண்டு. பேச்சுக்கு ஊர் இல்லை, அது காமெடி. அன்று பிழைப் பதிவில் தீவிரம் என்ற இடத்தில், கேம் அப்படியே நின்றுபோகும் பிழைக்கு மட்டும் கொடுக்க வேண்டிய உச்ச எண்ணைக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் மூடிவிட்டார்கள். காரணம்: ‘ரசனை சார்ந்தது, திருத்தப்படாது.’ திறந்தேன். மூடினார்கள். மறுபடி திறந்தேன்.

5

இதற்கிடையில் முதல் அத்தியாயத்தை மட்டும் விளம்பரத்துக்காக இலவசமாக வெளியிட்டார்கள். எமி இறக்கி ஆடினாள். மொழியைத் தமிழுக்கு மாற்றியது அவளேதான், நான் சொல்லவில்லை. சமையலறையில் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். என் பெண் தமிழ் கேட்கிறாள் என்று ஒரு நிமிடம் பூரித்துப்போனேன்.

டோகு வந்தான். எமி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அம்மா, இங்க வா, மாமா மாதிரியே பேசறான்.”

முழு வாக்கியமாக அவள் தமிழில் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. மாமாவுக்கும் அவளுக்கும் ஒட்டுதல் அதிகம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் முகம் போனில் தெரிந்தால்தான் அவள் அறையிலிருந்து வெளியே வருவாள். கேலி செய்யும் எண்ணம் அவளுக்கு இல்லை. சிரிக்க வேண்டிய இடம் இது என்று இசை சொன்னது, அவள் சிரித்தாள். நான் டிவியை அணைத்தேன். ஏன் என்றாள். மாமா பேசுவது சிரிப்பா என்று கேட்டேன். ஜப்பானிய மொழிக்கு மாறினாள், கோபம் வந்தால் அப்படித்தான். அது வெறும் கேம், நீதானே தமிழ் கேள் தமிழ் கேள் என்கிறாய், கேட்டால் அணைக்கிறாய் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அவள் சொன்னதில் தப்பு இல்லை. அதனால் எனக்குக் கோபம் இன்னும் கூடியது. ஒரு பிள்ளைக்குத் தாய்மொழி எட்டுகிற ஒரே வழி ஒரு கேம் என்று ஆன பிறகு, அந்த வழியிலும் அவள் மாமனைக் கோமாளியாக்கி நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

6

என் பதிவு திறப்பதும் மூடுவதுமாகப் போய்க் கடைசியில் மேலிடத்திலிருந்து பதில் வந்தது. யாரையும் புண்படுத்துவது நோக்கம் அல்ல, இனி ஒலிப்பதிவாகும் கடைசி அத்தியாயங்களில் டோகுவின் வசனங்களைப் பொதுத் தமிழுக்கு மாற்றிவிடலாம் என்றார்கள். நான் வெற்றி பெற்றுவிட்டேன் என்பதுபோல் ஒரு நன்றியும் சேர்த்திருந்தார்கள்.

அதுவும் வேண்டாம் என்று பதில் எழுதினேன். அப்படியானால் உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

அண்ணனுக்கு போன் செய்தேன். கடை இன்னும் அதே சந்தில் இருக்கிறது, இப்போது கம்ப்யூட்டர்கள். அவனும் முதல் அத்தியாயத்தைக் கடையில் போட்டிருந்தான். பசங்களுக்கு டோகுவைத்தான் ரொம்பப் பிடிக்கிறது என்றான். நம்ம மாதிரி ஒருத்தன் பேசுகிறானே என்று சந்தோஷப்படேன் என்றான். எனக்கு அவன்மேலும் கோபம் வந்தது. உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், உனக்கு உறைக்கவில்லையா என்று கத்தினேன்.

“ஏம்மா ஸ்டெல்லா, பேங்குல நான் வாயத் தொறந்தா அந்தப் பொண்ணு சிரிக்கும், தெரியுமா? ஆஸ்பத்திரியில சிரிப்பாங்க. எனுக்கு அது புதுசு இல்ல. நான் பேசறத மாத்திக்கினா சிரிக்க மாட்டாங்கதான். அதுக்கோசரம் நான் மாத்திக்கணுமா?”

வேண்டாம் என்றேன்.

“அப்ப அவன மட்டும் ஏன் மாத்தச் சொல்ற?”

மாற்றச் சொல்லவில்லை, அவன் சாகிற கட்டத்துக்கு எழுதிய வசனத்தில்கூடச் சிரிப்பு வரவைக்கிறார்கள் என்று கடைசி அத்தியாயத்தைச் சொன்னேன். கப்பல் உடைகிறது. தப்பிப்பதற்காக மேல்தட்டுக்காரர்கள் கீழ்த்தட்டைக் கழற்றிவிட முடிவு செய்கிறார்கள். டோகு அனுமதி இல்லாத ரோபோவில் ஏறி, இரண்டு தட்டுக்கும் நடுவே பிளந்துகொண்டிருக்கும் இணைப்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ரேடியோவில் பேசுகிறான்.

அண்ணன் கேட்டுவிட்டு, ஆற்றில் வெள்ளம் வந்த அன்று நடந்ததைச் சொன்னான். அப்போது நான் இங்கே இருந்தேன். தண்ணீர் காலனிக்குள் இடுப்பளவு வந்துவிட்டது. மேட்டுப் பக்கத்துத் தெருக்களுக்குப் படகு போய்விட்டது, எங்கள் பக்கம் வரவில்லை. அண்ணன் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி அதிகாரி ஒருவருக்கு போன் செய்தான். படகு வரும், போனை வையுங்கள் என்றாராம்.

“நான் வைக்க மாட்டேன் சார்னு சொன்னேன். போட் வர்ற வரைக்கும் நான் பேசிக்கினேதான் இருப்பேன், நீ வச்சாலும் திரும்ப அடிப்பேன்னு சொன்னேன். அவன் சிரிக்கல ஸ்டெல்லா. நான் இப்டியேதான் பேசினேன். அவன் சிரிக்கல.”

படகு வந்தது. எனக்கு என்ன வேண்டும் என்பதும் அப்போது தெரிந்தது.

7

மறுநாள் ஒகாவாவிடம் போய்ப் பேச்சு அப்படியே இருக்கட்டும், கோணங்கித்தனமும் இசையும் போக வேண்டும், கடைசி உரையை நான் எழுதுகிறேன் என்றேன். அசல் ஜப்பானிய வசனத்தில் டோகு எவ்வளவு கௌரவமாகப் பேசுகிறான், தமிழில் கெடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னேன். அசலில் அவன் ஏதோ வட்டார வழக்குப் பேசுகிறான் என்று எனக்குத் தெரியும். என் ஜப்பானிய மொழியோ, வகுப்பிலும் கேமிலும் கற்றது. அந்த வழக்கைக் கேட்டால் இங்கே உள்ளவர்களுக்கு என்ன தோன்றும் என்பது எனக்குத் தெரியாது.

ஒகாவா ஐம்பது வயதைத் தாண்டியவர். அளந்து பேசுவார். கெடுக்கவில்லை, அந்த வழக்கைச் சரியாகத்தான் மொழிபெயர்த்திருக்கிறார்கள் என்றார். டோகு பேசுவது வடகிழக்குக் கடலோரப் பேச்சு, இங்கே டிவியில் அதைப் பேசுகிறவன் வந்தாலே சிரிப்பு, அதற்காகத்தான் அவனுக்கு அதைக் கொடுத்தார்கள். சொல்லிவிட்டு மேஜையில் இருந்த பேனாவின் மூடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

அது தன்னுடைய ஊர்ப் பேச்சு என்றார். அம்மாவிடம் போனில் பேசும்போது மட்டும் பேசுவாராம், அதுவும் மாடிப்படியில் போய் நின்றுகொண்டு. முதல்முறை டோகுவைக் கேட்டபோது இந்த அறையில் எல்லாரும் சிரித்தார்கள், தானும் சேர்ந்து சிரித்ததாகச் சொன்னார்.

நான் மாதக்கணக்கில் பிழை என்று போராடியது பிழையே இல்லை. இரண்டு நாட்டிலும் ஒரே புத்தி, அவ்வளவுதான். இனி இந்தக் கோபத்தை யார்மேல் பதிவு செய்வது என்று தெரியாமல் அவர் முன்னால் நின்றேன்.

அவர் என் பதிவைத் திறந்தார். ‘ரசனை சார்ந்தது’ என்பதை எடுத்துவிட்டு, ‘பொருள் மாறுகிறது’ என்று போட்டார். அசல் உரையில் டோகு மிரட்டுகிறான், தமிழில் மிரட்டல் காணாமல் போய்க் கெஞ்சல் ஆகிவிட்டது, ஆகவே திருத்தியே ஆக வேண்டும் என்று காரணம் எழுதிக் கையெழுத்திட்டார். முடிந்துபோன ஒலிப்பதிவைத் தொட முடியாது, கடைசி உரை மட்டும் உங்களுடையது என்றார்.

ஒலிப்பதிவு சென்னையில் நடந்தது, நான் வீடியோவில் இருந்தேன். டோகுவுக்குக் குரல் கொடுப்பவர் நடுத்தர வயதுக்காரர். எத்தனையோ கார்ட்டூனில் இந்த மாதிரிக் கோமாளிக் குரல் கொடுத்துப் பிழைக்கிறவர். தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இது காமெடி இல்லிங்களா மேடம்?”

இல்லை என்றேன்.

“அப்ப எப்டிப் பேசணும்?”

“உங்க வூட்ல எப்டிப் பேசுவீங்களோ, அப்டி.”

தாளை மறுபடி பார்த்தார். இந்தப் பேச்சில் சிரிக்காமல் பேசச் சொல்லி இதுவரை யாரும் தனக்குக் கொடுத்ததில்லை என்றார். பிறகு ஒரே மூச்சில் பேசினார்.

“மேல இருக்குறவங்களுக்குச் சொல்றேன். டோகு பேசறேன். கீழ எங்க ஜனம் தூங்கிக்கினு இருக்குது. எழுப்பிச் சொல்லணும்னுகூட உங்களுக்குத் தோணல. இத நான் புடிச்சிக்கினு இருக்கேன். அவங்களையும் இட்டுக்கினு போங்க. வுட்டுட்டுப் போலாம்னு நெனச்சீங்கன்னா, நானும் கைய வுட்டுடுவேன்.”

8

கேம் ஆண்டு விழாவுக்குச் சில வாரம் முன்பே வெளிவந்தது. இணையத்தில் தமிழ் ஆட்டக்காரர்கள் கருத்து எழுதினார்கள். சாவுக் காட்சியில் எதற்கு இந்தக் குப்பத்துப் பாஷை, மூடே போய்விட்டது என்று ஒருவர் எழுத, அதைப் பல பேர் விரும்பியிருந்தார்கள். அண்ணன் கடையில் என்ன ஆனது என்று கேட்டேன். முதலில் இரண்டு பேர் பழக்கத்தில் சிரித்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள் என்றான். அவன் கூட்டியும் சொல்லமாட்டான், குறைத்தும் சொல்லமாட்டான்.

அந்த ஒரு உரையோடு இதை முடித்துக்கொண்டு நானும் கேக் தின்றிருப்பேன். ஆனால் விழாவுக்கு முந்தின நாள் மாலை, ரயில் நிலையத்தில் எமிக்காகக் காத்திருந்தேன். அவள் வந்துகொண்டிருந்தாள். பின்னால் அவள் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் சீருடையில் வந்தார்கள். அவர்களில் ஒருவன், “டோகு!” என்று கூப்பிட்டான்.

என் மகள் திரும்பிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே கையாட்டினாள்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். பிறகு கேட்டேன். கேம் வந்ததிலிருந்து வகுப்பில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. கீழ்த்தட்டுக்காரர்களை என்ன நிறத்தில் வரைந்திருக்கிறார்கள் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பள்ளிக்கு வந்து பேசப் போகிறேன் என்றேன். வராதே, நீ வந்தால் இன்னும் மோசமாகும், நீ பேசுகிற ஜப்பானிய மொழியையும் சேர்த்துச் சிரிப்பார்கள் என்றாள். அவள் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. எனக்காகப் பயந்து சொன்னாள். அதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்துக்கு நான் இன்னும் பெயர் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று பள்ளிக்குப் போனேன். முதலில் அலுவலகத்துக்கு, அங்கிருந்து இன்னொரு அலுவலகத்துக்கு, பிறகு பார்வையாளர் செருப்பு போட்டுக்கொண்டு ஒரு சிறிய அறைக்கு. எமி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், என்னைப் பார்க்காமல். வகுப்பாசிரியர் இளைஞர், கனிவானவர், தேநீர் கொடுத்தார். நான் சொன்னதை எல்லாம் தலையாட்டிக் கேட்டார். பிறகு பிள்ளைகளுக்கு அந்தப் பாத்திரம் உயிர், அன்பாகத்தான் கூப்பிடுகிறார்கள், அந்தப் பெயர் வந்த பிறகு எமி வகுப்போடு நன்றாக ஒட்டிக்கொண்டாள், கூப்பிட்டால் அவளும் சிரிக்கிறாள் என்றார். இதைப் பிரச்சினை என்று எடுத்துக்கொள்வதும் கொள்ளாததும் அவரவர் உணர்வைப் பொறுத்தது என்றார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவருக்காக இரண்டு நாளாக நான் தயார் செய்து வைத்திருந்த ஜப்பானிய வாக்கியங்கள் நிறைய இருந்தன. அதற்குள் அவர் எமி பக்கம் திரும்பி, உனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லையே, நீயும் சிரித்தாயே என்று கேட்டார்.

எமி மேஜையைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு நிமிர்ந்து, சின்னக் குரலில், ஆனால் ஒவ்வொரு எழுத்தும் கேட்கும்படி ஜப்பானிய மொழியில் சொன்னாள்.

“சிரிச்சேன். பிடிக்கல.”

ஆசிரியர் பேனாவை எடுத்தவர் அப்படியே வைத்துவிட்டார். முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

“நீங்க இப்பதான் கேக்கறீங்க.”

எனக்கு மேற்கொண்டு பேச வேண்டியிருக்கவில்லை. அவர் எழுதத் தொடங்கினார், அப்படிக் கூப்பிட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எமி சொல்லிக்கொண்டு வந்தாள்.